லேப்டாப்பில் ஃபைல் தேடி அலையாமல் இருக்க: பெங்களூரு தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குக் காகிதம் இரண்டு மடங்கு. ஊரில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, அப்பாவின் ரேஷன் கார்டு. இங்கே வாடகை ஒப்பந்தம், பெஸ்காம் கரண்ட் பில், பிள்ளைகளின் ஃபீஸ் ரசீது, கம்பெனி கொடுத்த ஃபார்ம் 16. முன்பு இதெல்லாம் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. இப்போது பாதிக்கு மேல் பிடிஎஃப் ஆகவும் வாட்ஸ்அப் போட்டோவாகவும் லேப்டாப்பில் இருக்கிறது. எந்த மூலையில் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. காஸ் கனெக்‌ஷனுக்கு அட்ரஸ் புரூஃப் கேட்கும்போதுதான் தேடுதல் வேட்டை தொடங்கும்.

புதிதாக லேப்டாப் வாங்கியவர்களுக்கும், மெயில் பார்ப்பது, படம் பார்ப்பது தவிர வேறெதுவும் தொடாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் முக்கால்வாசி வேலை முடியும். ஃபோல்டர் மேல் ஃபோல்டராகத் திறந்து வைக்கச் சொல்பவர்கள் உண்டு. என் கட்சி வேறு: ஃபோல்டர் குறைவாக இருக்கட்டும், ஃபைலின் பெயர் விவரமாக இருக்கட்டும்.

முதலில் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள்

விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஈ என்ற எழுத்தைத் தட்டுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். இடது பக்கம் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்று வரிசையாக இருக்கும். எல்லாமே சி டிரைவில் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் இருப்பவைதான். டெஸ்க்டாப் என்பதும் ஒரு சாதாரண ஃபோல்டர்தான். திரையில் எப்போதும் விரிந்து கிடப்பதால் அது தனி இடம் போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இரண்டு செட்டிங் மாற்ற வேண்டும். மேலே வியூ என்பதை அழுத்தி டீட்டெயில்ஸ் என்று வையுங்கள். பெயர், தேதி, வகை, அளவு நான்கும் வரிசையாகத் தெரியும். அடுத்தது, விண்டோஸ் 11 என்றால் அதே வியூவில் ஷோ, அதற்குள் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். விண்டோஸ் 10 என்றால் வியூ டேபிலேயே அந்த டிக் பெட்டி இருக்கும். டிக் செய்தால் ஒவ்வொரு ஃபைலின் வாலிலும் பிடிஎஃப், ஜேபிஜி, டாக்எக்ஸ் என்று தெரிய ஆரம்பிக்கும். கரண்ட் பில் என்று மெயிலில் வந்த ஒரு ஃபைலின் பெயர் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று இருந்தால், வால் மறைந்திருக்கும் கம்ப்யூட்டரில் அது வெறும் 'பில்.பிடிஎஃப்' என்றுதான் தெரியும். நம்பித் திறப்பீர்கள். கடைசியில் இஎக்ஸ்இ என்று இருந்தால் அது பில் இல்லை, புரோகிராம். கை வைக்காதீர்கள். பெயர் மாற்றும்போது இந்த வாலைத் தெரியாமல் அழித்துவிடவும் கூடாது. அழித்தால் விண்டோஸே ஒரு எச்சரிக்கை காட்டும், 'நோ' கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஷார்ட்கட். சில ஐகான்களின் கீழ் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கும். அது ஃபைல் இல்லை, ஃபைல் இருக்கும் இடத்துக்கு வழி மட்டும். ரெஸ்யூமேயின் ஷார்ட்கட்டைப் பென் டிரைவில் காப்பி செய்துகொண்டு பிரிண்ட் கடைக்குப் போனால் அங்கே ஒன்றும் திறக்காது. கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். அம்புக்குறி இருந்தால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள், அசல் ஃபைல் எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய்விடும்.

எல்லாவற்றுக்கும் ஒரே கூரை

குடும்ப ஃபைல் எல்லாம் ஒரே ஒரு பெரிய ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. லேப்டாப்பில் டி டிரைவ் இருந்தால் அங்கே வையுங்கள். காரணம் உண்டு. மெஷின் மந்தமாகிவிட்டது என்று எஸ்.பி. ரோடு பக்கமோ வீட்டுக்குப் பக்கத்திலோ ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தால், "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்" என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். ஃபார்மேட் என்றால் சி டிரைவ் காலி. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் மூன்றும் அதோடு போகும். டி டிரைவைப் பொதுவாகத் தொட மாட்டார்கள். 'பொதுவாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். கொடுப்பதற்கு முன்பு வாயைத் திறந்து சொல்லிவிடுவதும் பேக்கப் எடுத்துவிடுவதும் நல்லது. இப்போது வரும் லேப்டாப்களில் பலவற்றில் சி மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் டாக்குமென்ட்ஸுக்குள் வையுங்கள். இதற்காக டிஸ்க்கைப் பிரிக்கும் வேலையில் எல்லாம் இறங்க வேண்டாம்.

காலி இடத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புது ஃபோல்டர் வரும். 'குடும்பம்' என்று பெயர் கொடுங்கள். அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'பின் டு குவிக் ஆக்சஸ்' கொடுத்தால், எக்ஸ்ப்ளோரர் திறக்கும்போதெல்லாம் இடது பக்கத்திலேயே நிற்கும். தேடிப் போக வேண்டாம்.

உள்ளே என்னென்ன ஃபோல்டர்

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பிடிஎஃப் எல்லாம் ஒரு ஃபோல்டர், போட்டோ எல்லாம் ஒரு ஃபோல்டர் என்று பிரிக்கிறார்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது உங்களுக்குப் பிடிஎஃப் தேவைப்படாது, உங்கள் மனைவியின் ஆதார் தேவைப்படும். அது எந்த வகை ஃபைல் என்பது அப்போது நினைவுக்கே வராது. யார் கேட்கிறார்கள், யாருடையது என்பதை வைத்துப் பிரித்தால்தான் கை நேராக அங்கே போகும்.

ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இவ்வளவு போதும்:

1 ஆட்கள்
2 பெங்களூரு வீடு
3 ஊர்
4 பணம்
5 வேலை
6 பழையது

முன்னால் எண் போட்டால் நீங்கள் விரும்பிய வரிசையில் நிற்கும். ஆட்கள் என்பதற்குள் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர். ஆதார், பான், பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், மார்க்‌ஷீட், தடுப்பூசி அட்டை எல்லாம் அவரவர் பெயரில். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் தனித்தனியாக ஒன்று போடுங்கள். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் இன்ஷூரன்ஸும் அவர்களுக்குத்தான் திடீரென்று தேவைப்படும்.

பெங்களூரு வீட்டில் வாடகை, கரண்ட், தண்ணீர், காஸ், சொந்த வீடு என்றால் வீட்டு வரி. ஃபோல்டருக்கு அலுவலகத்தின் பெயரை வைக்காதீர்கள், விஷயத்தின் பெயரை வையுங்கள். 'பிபிஎம்பி' என்று ஃபோல்டர் வைத்தவர்கள் இப்போது யோசித்துக்கொண்டிருப்பார்கள். 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சியே கலைந்து, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. 'வீட்டு வரி' என்று வைத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

பணம் ஃபோல்டருக்குள் மட்டும் ஆண்டு வாரியாகப் பிரியுங்கள், ஏப்ரல் முதல் மார்ச் வரை. '2024-25' என்றால் அந்த நிதியாண்டின் ஃபார்ம் 16, வங்கி வட்டிச் சான்று, எல்ஐசி ரசீது, வாடகை ரசீது எல்லாம் அதற்குள். வருமான வரி ரிட்டர்ன் ஒப்புகைச் சீட்டில் மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து அடுத்த ஃபோல்டரில் போட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே வருமானத்தைப் பற்றியவைதான், சேர்ந்தே இருக்க வேண்டும்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று மூன்று படிக்கு மேல் இறங்க வேண்டாம். நாலாவது படி தேவைப்படுகிறது என்றால் ஃபைல் பெயரில் ஏதோ விவரம் குறைகிறது என்று அர்த்தம்.

பெயர் வைப்பது

உண்மையான வேலை இதுதான். ஓர் உதாரணம் பார்ப்போம். பெங்களூரில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குப் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் புரோக்கரோ வீட்டுக்காரரோ 'ரென்டல் அக்ரிமென்ட்' என்ற அதே பெயரில் ஒரு பிடிஎஃப் அனுப்புவார்கள். டவுன்லோட்ஸில் முதல் ஃபைலுக்கு அந்தப் பெயர், இரண்டாவதற்கு அடைப்புக்குறிக்குள் 1, மூன்றாவதற்கு 2. எது நடப்பு ஒப்பந்தம், எது கையெழுத்துப் போடாத வரைவு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அதையே இப்படி மாற்றுங்கள்:

2024-05 வாடகை ஒப்பந்தம் அல்சூர் வீடு கையெழுத்துடன்

2025-04 வாடகை ஒப்பந்தம் அல்சூர் வீடு கையெழுத்துடன்

திறக்காமலே எல்லாம் தெரிகிறது. முதலில் தேதி, அப்புறம் என்ன, அப்புறம் யாருடையது அல்லது எது. தேதியில் ஆண்டு முன்னால், மாதம் அடுத்து, நாள் தேவைப்பட்டால் கடைசியில். நாம் எழுதிப் பழகிய மாதிரி நாளை முதலில் போட்டால் 01-12-2023, 02-01-2025, 03-06-2024 என்று அடுக்கும். மூன்று வருடம் கலந்து நிற்கும். ஏப்ரலுக்கு 4 என்று போடாமல் 04 என்று போடுங்கள், போனிலும் கூகுள் டிரைவிலும் பார்க்கும்போது வரிசை கெடாது. ஜனவரி, பிப்ரவரி என்று எழுத்தில் எழுதினால் மாத வரிசையே இருக்காது. தேதிக்கு நடுவே சாய்கோடும் போட முடியாது. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி போன்றவற்றை விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்காது.

பெயர் மாற்ற ஃபைலை ஒரு முறை கிளிக் செய்து எஃப்2 கீயைத் தட்டுங்கள். புதுப் பெயர் அடித்தபின் என்டர் போடாமல் டேப் கீயைத் தட்டினால் அடுத்த ஃபைலின் பெயரை மாற்றத் தயாராக நிற்கும். பத்துப் பில்லுக்குப் பெயர் வைக்கும்போது இதன் அருமை தெரியும்.

தமிழில் பெயர் வைக்கலாமா? தாராளமாக. விண்டோஸும் ஆண்ட்ராய்டும் ஏற்கும், தேடினாலும் கிடைக்கும். ஆனால் அரசு இணையதளங்களில் அப்லோடு செய்யும் ஃபைலுக்கு மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும், இடைவெளிகூட வேண்டாம். சில தளங்கள் வேறு எழுத்தைப் பார்த்தாலே காரணம் சொல்லாமல் தள்ளிவிடும். வீட்டில் தமிழ் டைப்பிங் ஒருவருக்கு மட்டும்தான் வரும் என்றால் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலேயே பெயர் வைத்துவிடுங்கள். பாதி அப்படி பாதி இப்படி இருந்தால் தேடும்போது இரண்டு முறை தேட வேண்டும்.

ரெஸ்யூமே போன்று அடிக்கடி திருத்தும் ஃபைலுக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் லாஸ்ட்' என்று போடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். தேதியே போதும். கடைசித் தேதி எதுவோ அதுதான் ஃபைனல்.

பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபைல் பெயரிலேயே பாஸ்வேர்டை எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பூட்டுப் போட்டதே வீண். இவற்றுக்கெல்லாம் ஒரு சூத்திரம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் போதும். இ-ஆதாருக்குப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த ஆண்டு. நம் ஆட்கள் இனிஷியலில்தான் மாட்டுவார்கள். ஆதாரில் பி. குமார் என்று இருந்தால் பி, புள்ளி, கே, யு இந்த நான்கும்தான் முதல் நான்கு. புள்ளியும் கணக்கில் சேரும், இடைவெளி சேராது. வருமான வரி ஒப்புகைச் சீட்டுக்குப் பான் எண் சின்ன எழுத்தில், பிறகு பிறந்த நாள், மாதம், ஆண்டு சேர்த்து. ஹோட்டல், கூரியர் என்று வெளியில் கொடுக்க முதல் எட்டு எண் மறைத்த ஆதாரை ஒரு காப்பி தனியாக வைத்திருங்கள், பெயரிலேயே 'மறைத்தது' என்று போட்டு.

பழைய குவியல்

டவுன்லோட்ஸிலும் டெஸ்க்டாப்பிலும் நூற்றுக்கணக்கில் கிடப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்க உட்காராதீர்கள். இரண்டாவது மணி நேரத்தில் வெறுத்துப்போய் எழுந்துவிடுவீர்கள், இந்த முயற்சியே அதோடு நின்றுவிடும். எல்லாவற்றையும் கண்ட்ரோல் ஏ கொடுத்துத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் எக்ஸ் கொடுத்து, '6 பழையது' ஃபோல்டருக்குள் கண்ட்ரோல் வி. முடிந்தது. இனி ஏதாவது தேவைப்படும்போது அங்கே தேடி எடுத்து, சரியான பெயர் வைத்து, சரியான இடத்தில் போடுங்கள். தேவைப்படாதது அங்கேயே இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

இடம் போதவில்லை என்றால் மட்டும் சைஸ் என்ற தலைப்பைக் கிளிக் செய்யுங்கள். பெரியவை மேலே வரும். எப்போதோ இன்ஸ்டால் செய்த புரோகிராம்களின் இஎக்ஸ்இ ஃபைல்களும், மூன்று முறை டவுன்லோட் ஆன அதே வீடியோவும் அங்கே தெரியும். அவற்றை அழிக்கலாம்.

இழுத்துப் போடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரே டிரைவுக்குள் இழுத்தால் ஃபைல் இடம் மாறும். சி-யிலிருந்து டி-க்கோ பென் டிரைவுக்கோ இழுத்தால் காப்பிதான் ஆகும், பழையதும் அங்கேயே இருக்கும். தவறாக எங்கோ போட்டுவிட்டால் உடனே கண்ட்ரோல் இசட். டெலீட் செய்தது ரீசைக்கிள் பின்னில் இருக்கும், மீட்கலாம். ஷிஃப்ட் சேர்த்து டெலீட் செய்தால் பின்னுக்கும் போகாது. பென் டிரைவில் அழித்ததும் அப்படித்தான், போனது போனதுதான்.

போனிலிருந்து வருபவை

வாட்ஸ்அப்பில் போட்டோவாக வரும் ஆவணம் சுருங்கித்தான் வரும். பட்டாவின் சர்வே எண் மங்கிப்போகும். ஊரிலிருந்து அனுப்பச் சொல்லும்போது 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும். அதைவிட நல்லது, கூகுள் டிரைவ் ஆப்பில் இருக்கும் ஸ்கேன் வசதியில் எடுத்துப் பிடிஎஃப் ஆக அனுப்புவது. ஓரம் வெட்டி, நிழல் நீக்கி, பல பக்கத்தை ஒரே ஃபைலாகத் தரும். அனுப்பியவர் தம்பியாக இருந்தால் ஒரு முறை போனில் சொல்லிக்கொடுத்தால் போதும். மாமாவாக இருந்தால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களே எடுத்து வந்துவிடுங்கள்.

அசலை ஒருபோதும் சுருக்காதீர்கள். 200 கேபிக்குள் வேண்டும், 50 கேபிக்குள் வேண்டும் என்று தளத்துக்குத் தளம் கேட்பார்கள். சுருக்கிய காப்பியை 'சின்னது' என்று பெயரில் சேர்த்து அசலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

பழைய வேர்டு ஃபைல்களில் ஒரு சிக்கல் வரும். பத்திர எழுத்தர் பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த தமிழும், இங்கே நுடி என்ற ஃபான்ட்டில் அடித்த கன்னட ஒப்பந்தமும், அந்த ஃபான்ட் இல்லாத லேப்டாப்பில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. யாரிடம் ஒழுங்காகத் திறக்கிறதோ அவரிடம் பிடிஎஃப் ஆகச் சேவ் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு இடத்தில் ஒரு காப்பி

குடும்பம் ஃபோல்டர் ஒரே லேப்டாப்பில் மட்டும் இருந்தால், லேப்டாப் திருடுபோகும் அன்றைக்கு எல்லாம் போகும். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, மாதம் ஒரு முறை முழு ஃபோல்டரையும் காப்பி செய்யுங்கள். ஃபோல்டர் பெயரோடு அன்றைய மாதத்தைச் சேருங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இன்னொரு காப்பியை அங்கே ஒரு பீரோவில் வைத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது, ஆனால் ஜிமெயிலும் போட்டோஸும் அதே 15-ல்தான் பங்கு கேட்கும். ஒன்டிரைவில் இலவசம் 5 ஜிபி. புது லேப்டாப்பில் ஒன்டிரைவ் தானாகவே டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி இருந்தால் லேப்டாப்பில் அழித்தது கிளவுடிலும் அழியும், அங்கிருந்தும் கொஞ்ச நாளில் நிரந்தரமாகப் போகும். அதனால் அதை மட்டும் பேக்கப் என்று நம்பாதீர்கள். ஆதார், டிரைவிங் லைசென்ஸ், ஆர்சி புக் போன்றவற்றை டிஜிலாக்கரில் நேரடியாகவே எடுத்துக்கொள்ளலாம். அங்கே துறைகளே வழங்கும் ஆவணத்துக்கு அசலுக்குச் சமமான சட்ட மதிப்பும் உண்டு. நீங்களே ஸ்கேன் செய்து அதில் ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது.

பிரிண்ட் கடைக்கு எடுத்துப்போகத் தனியாக ஒரு மலிவான பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். பல பேர் பென் டிரைவ் செருகும் கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பது சாதாரணம். பேக்கப் டிஸ்க்கை அங்கே கொண்டுபோகவே கூடாது. கடையின் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் கிளம்புமுன் லாக்அவுட் செய்யுங்கள், டவுன்லோட் ஆன ஆதாரை அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள். கூச்சப்பட வேண்டாம்.

வாரம் பத்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை டவுன்லோட்ஸைத் திறந்து அந்த வாரம் வந்ததற்குப் பெயர் வைத்து உரிய இடத்தில் போட்டுவிட்டு, மீதியை அழித்துவிடுங்கள். ஒரு வாரம் தவறினால் பரவாயில்லை, ஒரு மாதம் தவறினால் மறுபடி குவியல்தான்.

எல்லாம் அடுக்கி முடித்தபின் ஒரு சோதனை வையுங்கள். நீங்கள் வாயைத் திறக்காமல், வீட்டில் இன்னொருவரை உட்காரவைத்து, போன மாதக் கரண்ட் பில்லையும் அம்மாவின் ஆதாரையும் எடுக்கச் சொல்லுங்கள். அவர் முதலில் எந்த ஃபோல்டரைத் திறக்கிறார் என்று பாருங்கள். தவறான ஃபோல்டரைத் திறந்தால் அவரைத் திருத்த வேண்டாம், ஃபைலை அந்த ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள்.